ஐந்து வெள்ளியில் பாதி வெள்ளி

பெனின்சுலா கடைத்தொகுதி, இரண்டாம் மாடி.
மழைக்கு ஒதுங்கியவர் என்றுதான் நினைத்தேன்.
குடையை வாளியில் செருகிவிட்டு
கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்தார்
தனபாக்கியம் அம்மையார்.
பழைய பேருந்து அட்டை உறைக்குள்
ஒரு நாணயம்.

“ஐந்து வெள்ளி” என்றார்.
“வெள்ளிதானே?” என்றும் கேட்டார்.

இந்த ஊரில்தான் இந்தச் சங்கடம்.
டாலரும் வெள்ளி, உலோகமும் வெள்ளி,
சம்பளம் போடும் கிழமையும் சிலருக்கு வெள்ளி.
தராசு மட்டும் குழம்பாது.
இருபத்தைந்து கிராம்.
பாதி வெள்ளி, மீதி செம்பு.
அதனால்தான் விளிம்பில்
தேநீர் வடிகட்டியின் நிறம்.

கண்ணில் லென்ஸை இடுக்கினேன்.
ஒருபுறம் சிங்கமும் புலியும்
கேடயம் பிடித்து நிற்கின்றன.
மறுபுறம் காலாங் விளையாட்டரங்கம், 1973.
தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள்,
ஏழாவது முறை, ஏழு நாடுகள்.
தென் வியட்நாமும் கொடி பிடித்து நடந்தது;
இரண்டே ஆண்டில்
அந்தக் கொடிக்கு நாடில்லை.
அரங்கத்தையும் இடித்தாகிவிட்டது.
திறந்து மூடும் கூரையோடு
வேறொன்று நிற்கிறது அங்கே.
உலோகத்தில் மட்டும்
இன்னும் ஆள் வந்து அமராத படிகள்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
வாங்குகிறவன் வரலாறு பேசினால்
விலை ஏறிவிடும்.

அவர்தான் பேசினார்.
“தஞ்சோங் பகாரில மூட்டை தூக்கினவரு.
வாராவாரம் டோட்டோ.
அஞ்சு வருஷம், ஒரு காசு விழல.
அரங்கம் எழும்பினதே டோட்டோ காசிலதான்னு
பேப்பர்ல பார்த்தாரு பாருங்க,
அன்னைக்கே நெஞ்சு நிமிர்ந்துடுச்சு.
‘நான் தோத்தேன்னு யாரு சொன்னா பாக்கியம்,
சிமெண்டு வாங்கிக் குடுத்திருக்கேன்’னாரு.
வரிசையில நின்னு இதை வாங்கிட்டு வந்தாரு,
அந்த வார மளிகைக் காசுல.
அதுக்கு வேற சண்டை.”

மறுபடி பார்த்தேன்.
படிகளின் இடது ஓரத்தில் ஒரு கீறல்.
தேய்மானம் இல்லை,
ஆணி வைத்து அழுத்திப் போட்டது.

“அதா? அது அவரு கட்டின படி.”

என் தொழிலில் அதற்குப் பெயர் சேதம்.
முப்பத்தெட்டு வெள்ளி என்று மனசில் இருந்ததை
கீறலுக்கு ஐந்து கழித்து
முப்பத்து மூன்று என்றேன்.
பேரம் பேசவில்லை.
நோட்டுகளை எண்ணாமல் மடித்தார்.
குடையை எடுத்தவர்
கதவருகே நின்று திரும்பினார்:
“1973. நாலு நம்பர்தானே?”

ஞாயிற்றுக்கிழமை முடிவுகளைப் பார்த்தேன்.
எதற்குப் பார்த்தேன் தெரியவில்லை.
முதல் பரிசில் இல்லை,
ஆறுதல் பரிசில்கூட இல்லை.
எந்தக் கூரைக்கோ
ஓர் ஆணி போய்ச் சேர்ந்திருக்கும்.

நாணயம் மூன்றாம் தட்டில் இருக்கிறது.
பாலிஷ் போடட்டுமா என்று
கடைப் பையன் துணியோடு வந்தான்.
கை வைக்காதே என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
விலைச்சீட்டு இன்னும் எழுதவில்லை.