முடிவுரைக்கு ஒரு மதிப்பெண்

மஞ்சக்குப்பத்துப் பள்ளிக்கூடத்தில்
விடைத்தாள் திருத்தும் முகாம்.
காலையில் பதினைந்து, மதியம் பதினைந்து.
மின்விசிறி சுற்றினால் தாள் பறக்கிறது,
நிறுத்தினால் நாங்கள் அவிகிறோம்.

கேள்வி எண் நாற்பத்தைந்து:
குறிப்புகளைக் கொண்டு கட்டுரை வரைக.
தலைப்பு, புயலும் நாமும்.
விடைக்குறிப்பு சொல்கிறது
முன்னுரைக்கு ஒன்று, முடிவுரைக்கு ஒன்று,
நடுவில் இருப்பதற்கு ஆறு.

பக்கத்து மேசை, நெய்வேலி பிளாரன்ஸ் டீச்சர்
முதல் வரியையும் கடைசி வரியையும்தான் பார்ப்பாள்.
'நடுவுல எப்படியும் அதே மெழுகுவத்திதான்' என்பாள்.
என்னை முந்திக்கொண்டு டீ குடிக்கப் போவாள்.

பதினோரு தாள்கள் ஒரே வாசலில் நுழைந்தன:
'இயற்கை இறைவன் தந்த கொடை.
அக்கொடை சில நேரம் சீற்றம் கொள்வதுண்டு.
அதைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.'
காண்போம் காண்போம் என்று கைகாட்டிவிட்டு
பதினோரு பேரும் ஒரே வாசலில் வெளியேறினார்கள்:
'எனவே நாம் அனைவரும் ஒன்றுபட்டு
விழிப்புடன் வாழ்வோமாக.'

சிரிக்க உரிமையில்லை எனக்கு.
இந்த வாசலைப் பன்னிரண்டு வருடமாக
நானும்தான் கரும்பலகையில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.
புயல் என்ற இடத்தில் நூலகம் போட்டுக்கொள்,
சாலைப் பாதுகாப்பு போட்டுக்கொள்,
ரெடிமேட் சட்டை, எவனுக்கும் பொருந்தும்.
தேர்வறையில் நடுங்கும் பிள்ளைக்குக்
கைப்பிடிச் சுவர் வேண்டாமா என்பேன்.
அதுவும் பொய்யில்லை.

பன்னிரண்டாவது தாள்.
எழுத்து சாய்ந்து, மை கசிந்து.
எந்த ஊர், ஆணா பெண்ணா, தெரியாது.
எங்கள் மாவட்டத் தாள் எங்களுக்கு வராது,
பெயர் இருந்த இடத்தைக் கிழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

முன்னுரை:
'துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
டீசல் கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்தினார்.'
அவ்வளவுதான். அடுத்த உட்தலைப்பு.

நடுவில் வழக்கமானதுதான்.
தீப்பெட்டி, தாழ்வான பகுதி, அரசின் அறிவுரை,
ஏதோ மனப்பாடம், மூன்று ஒற்றுப்பிழை.
பிளாரன்ஸ் சொன்ன மெழுகுவத்தியும் இருந்தது.

பக்கத்தைத் திருப்பினேன்.
முடிவுரை:
'படகு கிடைக்கவில்லை. எஞ்சின் கிடைத்தது.
அம்மா அதற்குச் சாக்கு போர்த்தி வைத்திருக்கிறாள்.
மழை வந்தால் உள்ளே இழுக்கிறோம்.'

முதன்மைத் தேர்வாளர் தெய்வசிகாமணி
என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
'எங்கம்மா முடிவுரை? கருத்தைத் தொகுக்கவே இல்லையே.'
'தொகுத்திருக்கு சார்.'
'எனவேயும் இல்ல. வேண்டுகோளும் இல்ல.'
'இல்ல சார்.'
மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்,
துடைக்காமலே மாட்டிக்கொண்டார்.
'எஞ்சின் பிறமொழிச் சொல். இயந்திரம்னு வரணும்.
அரை குறைச்சுக்கோ.'
அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அதற்குக் குறைக்கவில்லை.
ஒற்றுப்பிழைக்குக் குறைத்தேன், அது நியாயம்.
மொத்தத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக்
கையெழுத்துப் போட்டுக் கட்டில் செருகினேன்.

ஜூன் மாதம் கரும்பலகையில் எதை எழுதுவது?
முதலில் ஏதாவது ஒன்றை ஏற்று,
கடைசியில் ஏதாவது ஒன்றைப் போர்த்து
என்று சொன்னால்
எத்தனை வரி டீச்சர் என்பார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு
முதுநகர் பஸ்ஸில் ஏறினேன்.
சித்திரை வெயில் இன்னும் இறங்கவில்லை.
கூண்டு ஏற்றும் கம்பம் சும்மா நின்றது.
உப்பனாற்றங்கரையில் இரண்டு பேர்
ஒரு எஞ்சினைப் பிரித்துப் பரப்பி
மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு நட்டு காணோம் என்றார் ஒருவர்,
என்னிடம் இல்லை, பொதுவாக.
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
நானும் கொஞ்ச நேரம்
மணலில் தேடினேன்.