உள்ளது, அப்படியே இருக்க

வரைபடத்தில் பூங்கா ஓர் ஒழுங்கற்ற நாற்கரம்.
வடக்கே டாக்சி நிறுத்தம், தெற்கே பள்ளிக்கூடச் சுவர்,
கிழக்கே ஓர் ஓடை. அதற்குப் பெயர் இல்லை,
கோப்பில் எண் மட்டும் உண்டு.
சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
டர்பன் நகராட்சியில் நான் கோடு போடுகிறவள்.
என் கையெழுத்துக்கு மேல் இன்னும் நான்கு கையெழுத்து.

ஜூன் மாதம், வியாழன் மாலை, நூலகக் கூடத்தில்
கருத்துக் கேட்பு.
நாற்பது நாற்காலி, முப்பத்தொரு பேர், ஒரு தட்டு சமோசா.
திருமதி ருக்குமணி படையாச்சி வேலி கேட்டார்:
"இரண்டு மீட்டருக்கு ஒரு விரல் குறையக் கூடாது."
சக்ரன் கூடைப்பந்து வளையம் கேட்டான்,
வலையோடு,
வலை முக்கியம் என்று இன்னொரு தடவை.
குரங்குகளை என்ன செய்யப்போகிறீர்கள் என்றார் ஒருவர்.
குரங்குகளுக்கு அழைப்பு போகவில்லை.
நொன்லான்லா எழுந்து வந்து
என் படத்தின் மேல் மூலைக்கு மூலை
விரலால் ஒரு கோடு கிழித்தார்:
"எங்கள் பாதை எங்கே?"

இருந்தது அந்தப் பாதை. காலால் தேய்ந்து,
புல் விட்டுக்கொடுத்த ஓரடி அகலம்.
நான் வரைந்திருந்ததோ
வளைந்து வளைந்து, அழகாக,
அவசரமில்லாதவர்களுக்கு.

பெஞ்சு என்ற சொல் வந்ததும் கூடம் சூடானது.
"போட்டால் படுப்பார்கள்."
"படுத்தால் நாறும்."
"நாறினால் வீட்டு விலை விழும்."
விலை விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.
ஆலோசகர் தயாராக வந்திருந்தார்:
நடுவே இரண்டு இரும்புக் கைகள் வைத்த பெஞ்சு.
"வயதானவர்கள் ஊன்றி எழலாம்" என்றார்.
உட்காரலாம், நீட்ட முடியாது என்பதை
படமே சொல்லிவிட்டது.
அந்த நேரம் மின்வெட்டு.
திரை போயிற்று, பெஞ்சு போயிற்று.
கைபேசி வெளிச்சத்தில் தூக்கிய கைகளை எண்ணினார்கள்.
இருபத்தாறு.
என் கை கைப்பையின் வாரைப் பிடித்திருந்தது.

திங்கள் காலை அளவு நாடாவோடு போனேன்.
பழைய சிமெண்டு பெஞ்சில்
அட்டைப்பெட்டியை மடித்துக்கொண்டிருந்தார் பெக்கிசிசா.
"குழாயை அங்கே புதைக்காதே," என்றார்,
நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னால்.
"மழை பிடித்தால் தண்ணீர் இந்தப் பக்கம்தான் வரும்.
ராத்திரி இரண்டு மணிக்கு ஊஞ்சலின் காலைத் தொடும்.
நிற்கும். யோசிக்கும்.
பிறகுதான் ஓடைக்குப் போகும்."
எங்கள் மட்டக்கோடுகள் எல்லாம்
தண்ணீரை மேற்கே அனுப்பியிருந்தன.
ராத்திரி இரண்டு மணிக்கு
எங்களில் ஒருவரும் அங்கே நின்றதில்லை.

வடிகாலைப் பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் போட்டேன்.
அறிக்கையில் ஆதாரம் என்ற இடத்தில்
'கள ஆய்வு' என்று எழுதினேன்.
கள ஆய்வு அட்டையைப் புதருக்குள் செருகிவிட்டு
பல் துலக்கக் குழாயடிக்குப் போனது.
பெஞ்சை அளந்தேன்: ஒன்று புள்ளி எட்டு ஐந்து மீட்டர்.
மனிதரை அளக்கவில்லை.
தேவைப்படவில்லை.

நொன்லான்லாவின் பாதைக்கு அனுமதி கிடைத்தது,
செங்கல் பதித்து.
படையாச்சி அம்மாவின் வேலிக்கும் கிடைத்தது.
இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு கதவு,
திறப்பு காலை ஆறு மணி.
நொன்லான்லாவின் டாக்சி ஐந்தேகாலுக்கு.
இதை நான் கடிதமாக எழுதினேன்.
'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது.
வளையம் உண்டு.
வலை அடுத்த நிதியாண்டில்.

இறுதிப் படத்தில் பதினான்கு புதுப் பெஞ்சுகள்,
எல்லாவற்றுக்கும் இரும்புக் கைகள்.
ஓடையோரம், மாமரத்துக்குப் பின்னால்,
நிறம் தீட்டாத ஒரு சிறு செவ்வகம்.
அதன் அருகில் நான் எழுத முடிந்த மிகச் சிறிய எழுத்தில்:
உள்ளது, அப்படியே இருக்க.

மூன்று கையெழுத்துகள் அதைத் தாண்டிப் போயின.
நான்காமவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"இது என்ன?"
"இடிக்கப் பணம் ஒதுக்கவில்லை, சார்."
அது உண்மை.
வேறு உண்மைகளை அவர் கேட்கவில்லை.

செப்டம்பரில் வேலை தொடங்கும்.
மழையும் அப்போதுதான்.
ஒப்பந்தக்காரர் சிறிய எழுத்துகளைப் படிக்கிறவரா என்று
யாரிடம் விசாரிப்பது?