இரண்டு மணி வரை கரண்ட்

கேம்பல் லேன் கூடாரங்களுக்குப் பின்னால்
இன்னொரு சந்தை இருக்கிறது.
அதை யாரும் படம் எடுப்பதில்லை.
தடித்த கறுப்புக் கேபிள், நசுங்கிய அட்டைப்பெட்டி,
செருப்பைக் கழற்றிவிட்டு
பொட்டலச் சோறு தின்னும் விற்பனைப் பெண்கள்,
நடுவில் உறுமிக்கொண்டு என் ஜெனரேட்டர்.

மூன்று வாரமாக என் பெயர் கரண்ட் அண்ணே.
பிளாஸ்டிக் பூ விற்கும் பூன் கியாட் மட்டும்
கரண்ட் பாய் என்பார், எனக்கு நாற்பத்தேழு.

மதிவதனி அக்கா முறுக்குச் சட்டியைச் சூடேற்றினால்
பக்கத்துக் கடை மின்விசிறிக்கு மூச்சு வாங்கும்.
ஐஸ் கச்சாங் இயந்திரம் சுற்றினால்
ஜுலைகாவின் மருதாணிக் கடை விளக்கு கண்ணடிக்கும்.
பாதி மயில் வரைந்த கையோடு
ஒரு மணப்பெண்ணை இழுத்துவந்து நிறுத்தினாள்:
'கழுத்து கோணிப்போச்சு, யார் பதில் சொல்றது?'
மயிலுக்கு நான் என்ன செய்ய?
ஃபியூஸ் மாற்றினேன்.

எனக்கு இந்தத் தெரு ஆம்பியரில்தான் தெரியும்.
லட்டுப் பெட்டியின் குளிருக்கு இரண்டு.
சரவிளக்குக் கடைக்குப் பத்து, கேட்பது இருபது.
பலூன்காரர் எதுவுமே கேட்டதில்லை,
அவருக்குக் காற்று போதும்.

தீபாவளிக்கு முந்தைய இரவு.
லேமினேட் செய்து தொங்கவிட்டிருந்தேன்:
இரண்டு மணிக்கு மின்சாரம் நிறுத்தப்படும்.
பத்து மணிக்கு யாரும் வாசிக்கவில்லை.
பன்னிரண்டுக்கு விலைகள் இறங்கின.
முப்பது வெள்ளி ஜிப்பா இருபதாச்சு, பத்தாச்சு,
ஒருவர் மேசைமேல் ஏறி
'லெலோங் லெலோங், மூணு அஞ்சு வெள்ளி' என்றார்,
எது மூணு என்று கேட்காமலே கைகள் நீண்டன.
கப்பல் பட்டறையிலிருந்து நேராக வந்த பையன்கள்
பாதுகாப்புக் காலணியோடு நின்று
ஒரே மாதிரிச் சட்டை நாலு எடுத்தார்கள்,
நாளைக்கு ஒரு படம் அனுப்ப.

ஒன்று ஐம்பத்தைந்து.
கையுறை போட்டேன்.
வளையல் கடையில் ஓர் அம்மா
ரெண்டே நாலு அளவு தேடிக்கொண்டிருந்தார்.
'அண்ணே, ரெண்டு நிமிஷம்.'
கொடுத்தேன்.
'அண்ணே, இன்னும் ஒண்ணே ஒண்ணு.'
அதையும் கொடுத்தேன்.
அடுத்த நிமிஷம் என் கையில் இல்லை.

இழுத்தேன்.

பெரிய சத்தம் நிற்கும்போது
காது தடுமாறுகிறது,
ஒரு படி குறைந்த மாடிப்படியில் கால் தடுமாறுவதுபோல.
எல்லாரும் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.
ஒரு கைப்பேசி எரிந்தது.
அதற்கு எதிரே ஒன்று.
பூன் கியாட் தாமரைகளுக்கு நடுவே
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சில்லறை எண்ணினார்.
மதிவதனி அக்காவின் தராசு செத்திருந்தது.
'இருட்டுல எல்லாமே ஒரு கிலோதான், பிடி'
என்று கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டார்.
எங்கோ ரெண்டே நாலு வளையல்
ஒரு மணிக்கட்டில் இறங்கும் ஓசை.
விலை சொன்னார்கள், கட்டாது என்றார்கள்,
போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.
என் பட்டியலில் பேரத்துக்கு நேரே
நான் ஆம்பியர் எழுதியதே இல்லை.
கணக்குச் சரி.

மூன்று வாரத்தில் முதல்முறையாக எனக்கு வேலையில்லை.
உதுமான் கனி கடையில் ஒரு சட்டையைத் தடவிப் பார்த்தேன்.
என்ன கலர்?
'நேவி ப்ளூ. உங்களுக்குன்னே வச்சிருந்தேன்.'
இத்தனை நாள் அவன் விளக்கை எரியவைத்தவன் நான்,
ஒரு வெள்ளி குறைக்க மாட்டேன் என்றான்.
நடக்கத் தொடங்கியதும் குறைத்தான்.

காலையில், ஈசூனில்,
எண்ணெய்க் குளியல் முடித்து உறையைப் பிரித்தேன்.
பச்சை.
பச்சை என்றால் கிளி வெட்கப்படும் பச்சை.
மகள் குயிலினி சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவேயில்லை.
போட்டுக்கொண்டேன்.

கோயிலுக்குப் போகும் ரயிலில், எதிர் இருக்கையில்,
ஓர் ஆள்.
அதே பச்சை.
அவர் என் காலரைப் பார்த்தார், நான் அவருடையதை.
'எத்தனைக்கு?' என்றார்.
சொன்னேன்.
ஒன்றும் பேசாமல்
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஏமாந்தது அவரா நானா என்று
அங் மோ கியோ வரை
அந்தக் கண்ணாடியில் அவர் முகத்தைத் தேடிக்கொண்டே போனேன்.