மின்னின் முதல் ஊழியர்

வுப்பர்டாலில் இரவு பதினொன்றரை.
தொங்கு ரயிலின் கடைசி வண்டி
ஆற்றின் மேல் முனகிக்கொண்டே போய்விட்டது.
அவசரப் பிரிவு ஓய்ந்தபின்தான்
அவருக்கு நேரம் கிடைத்தது.

அருங்காட்சியகத்து ஹைக்கே
கண்ணாடிப் பலகையை இறக்குவதுபோல்
மேசையில் இறக்கினாள்.
படிவம் இல்லாமல் கணினி யாரையும் ஏற்காது.
பெயர்: ஜெட்மின்.
பிறந்த தேதிக்குக் கிறிஸ்துவுக்கு முன் என்றொரு கட்டம் இல்லை;
ஒன்று, ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று போட்டேன்.
தொழில்?
தலைமைப் பூசாரி என்றாள், மின் என்ற தெய்வத்துக்கு.
சிரித்துவிட்டேன். அவளுக்குப் புரியவில்லை.
என் மொழியில் இந்தச் சுவர்களுக்குள் ஓடுவது அதுதான்.
அது நின்றால் மாடியில் ஏழு பேருக்கு
மூச்சு நிற்கும்.

விடியுமுன் குளத்தில் இரண்டு முழுக்கு.
ஒருநாள் விட்டு ஒருநாள் புருவம்வரை மழிப்பு.
கம்பளி ஆகாது. தோல் செருப்பு ஆகாது.
கதவின் களிமண் முத்திரையை உடைத்து
இருட்டில் முழ உயரப் பொன்னுருவத்திடம் சொல்வாராம்:
அரசர் என்னை அனுப்பினார்.
சுவர்ச் சித்திரமெல்லாம் அரசர்தான் பூசை செய்கிறார்.
அரசர் ஒருநாளும் வந்ததில்லை.
முடிந்ததும் தம் காலடித் தடங்களைத்
தாமே பெருக்கியபடி
பின்னோக்கி நடந்து வெளியேறுவார்.

(நான் எடுக்கும் படங்களின் அடியிலும்
டாக்டர் ஓபர்மானின் கையெழுத்து இருக்கும்.
ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை நான் கண்டதில்லை.)

மேசை நகர்ந்தது.
துணி, பிசின், துணி, பிறகு ஒரு ஆள்.
ரொட்டியில் கலந்த மணல் அரைத்த பற்கள்.
தொடை நாளங்களில்
வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்பு,
நேற்று இதே இடத்தில் படுத்திருந்த
லாரி ஓட்டுநருக்கு இருந்ததைப் போலவே.
மாட்டுத்தொடை, வாத்து, தேன் ரொட்டி.
தெய்வம் மணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்.
மீதி இங்கே இருக்கிறது.
சாமி வரம் கொடுத்தாலும் என்று தொடங்கும் பழமொழியை
ஹைக்கேவுக்கு ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன்.
பூசாரியா, அது எங்கள் நிதிப்பிரிவு என்றாள்.

பதிவுக் குரலை அணைக்க மறந்திருந்தேன்.
மூச்சை இழுத்துப் பிடியுங்கள், என்றது இயந்திரம்.
நல்ல நோயாளி. ஒரு படத்திலும் அசைவில்லை.
இனி மூச்சு விடலாம், என்றது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நாங்கள் இருவரும் ஏனோ
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

ஒன்றரைக்கு வண்டி அவரைக் கொண்டுபோனது.
மேசையில் பழுப்பாய்ச் சில துகள்கள்:
பிசினோ, துணியோ, அவரோ.
தொலைபேசி அடித்தது.
படியில் விழுந்த பெண், வலது இடுப்பு,
ஐந்து நிமிடத்தில் வருகிறார்கள்.
கிருமிநாசினித் துணியை எடுத்தேன்.
மேசையை, பிறகு தரையை,
கதவை நோக்கிப் பின்னால் நகர்ந்தபடி
துடைத்துக்கொண்டே வந்தேன்.
பிறகு கை கழுவினேன்,
இரண்டு முறை.