சிவப்பு என்றால் என்ன

மூன்று நாள் அந்த மண்டபத்தில்
சிவப்பு என்றால் என்ன என்று பேசினோம்.
பிளான்டயரில், குளிரூட்டி சொட்டுகிற விடுதி.
மொசாம்பிக்கிலிருந்து நாங்கள் ஆறு பேர்,
மலாவிக்காரர்கள் ஒன்பது,
ரெயூனியன் தீவிலிருந்து மாயெல் ஒருத்தி.

என் வானொலியில் சிவப்பு என்றால்
வரப்போகிறது, கிளம்பு.
தியோங்கேயின் வானொலியில் சிவப்பு என்றால்
வந்துவிட்டது, அசையாதே.
ஆற்று நடுவில் படகில் இருப்பவன்
யார் சிவப்பைக் கேட்பான் என்றாள் அவள்.
யாரும் சிரிக்கவில்லை. பிஸ்கட் வந்தது.

கடைசியில் நிறத்தையே தூக்கிப்போட்டோம்.
ஒரு வினைச்சொல் போதும் என்று முடிவாயிற்று.

கையெழுத்திட்ட தாளில் பன்னிரண்டாம் பிரிவு:
நிலையம் ஒன்று செயலிழக்குங்கால்
அண்டை நிலையத்துக்கு மாற்று ஒலிபரப்புக் கடப்பாடு உண்டு.
பேருந்தில் திரும்பும்போது
அதைச் செனாவில் சொல்லிப் பார்த்தேன்.
'என் வாய் போனால் உன் வாய்'
என்றுதான் வந்தது.


பிப்ரவரியில் அது வந்தது.
நெலீரா என்று பெயர். யாருடைய அத்தையோ போல.
மாயெல் வரைந்த படம் மபூட்டோ வழியாக வந்து
என் கைபேசியில் பாதி திறந்து நின்றது:
கடலில் ஒரு வெள்ளைச் சுழி,
எங்களைப் பார்த்து விரிகிற கூம்பு.
எழுபது விழுக்காடு.

எழுபது விழுக்காட்டை எப்படிச் சொல்வது?
எள் விதைத்தவனிடம் சொன்னால்
மீதி முப்பது என்னுடையது என்பான்.
ஒலிவாங்கியில் சொன்னேன்:
பத்துப் படகு நிற்கிறது, ஏழில் ஓட்டை,
எதில் என்று எனக்குத் தெரியாது,
உன் பிள்ளையை எதில் ஏற்றுவாய்?

அறிக்கையில் படகே இல்லையே என்று
மபூட்டோவிலிருந்து அழைத்துத் திட்டினார்கள்.
அதற்குள் ஆற்றோரத்தில்
ஆடுகளை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள்.


இரவு பதினொன்று நாற்பதுக்குக் கம்பம் விழுந்தது.
முறிந்த சத்தம்கூடக் கேட்கவில்லை,
காற்று அதையும் தின்றுவிட்டது.
ஊசி மட்டும் பூஜ்யத்தில் போய்ப் படுத்தது.
கார் பேட்டரியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்க
நான் பேசிக்கொண்டே இருந்தேன்,
'பள்ளிக்கூடத்து மேட்டுக்கு' என்பதற்கு மேல்
வெளியே எதுவும் போகவில்லை என்று தெரியாமல்.

அந்த வாக்கியத்தை முடித்தவள் தியோங்கே.
எல்லைக்கு அப்பால் ந்சாஞ்சேயில்
மாலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருந்தவள்
தன் நிலையத்தில் ஓடிய பாட்டைப் பாதியில் நிறுத்தி,
'கிழக்கு வழியாகப் போங்கள், பாலத்தில் நிற்காதீர்கள்' என்றாள்.
எங்கள் ஊர்ப் பெயர்களைக் கொலைசெய்தபடி
விடியும்வரை வாசித்தாள்.
செனா அங்கேயும் செனாதான், கொஞ்சம் இழுப்பாள்.
மேட்டில், நனைந்த கோழிகளோடு நின்ற லூர்தீன்யா
'பெலிசார்டாவுக்கு இன்றைக்குத் தொண்டைக்கட்டா?'
என்று கேட்டாளாம்.

தீவில், மாயெலின் திரையில்
முதராரா என்ற புள்ளி அணைந்தது.
அணைந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு
காற்று எங்கே நிற்கிறது என்று கணித்தாளாம்.
நாங்கள் சொல்லாமல் போனதும்
அவளுக்கு ஒரு செய்தி.


நான்கு பேர் மேட்டுக்கு வரவில்லை.
என்னையும் கேட்டார்கள், அவளையும் கேட்டார்கள்.
மீதி முப்பது
அவர்களுடையதாக இருந்தது.
அந்தப் படகுக் கணக்கை இனி எப்படிச் சொல்வது என்று
இன்னும் யோசிக்கிறேன்.


ஆறாம் நாள் வானம் கழுவிவைத்த மாதிரி.
மூங்கிலும் கயிறும் வைத்துக் கம்பத்தை நிமிர்த்தினோம்.
ஜனங்கள் கூரைத் தகடுகளைத் தேடிக்கொண்டு
தாழ்வுக்கு இறங்கத் தொடங்கினார்கள்.
ஆனால் மழை முழுவதும் அவர்கள் மலையில் பெய்திருந்தது.
ஷிரே ஆற்றுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை,
அவசரமும் இல்லை.

தியோங்கே அழைத்தாள்.
இங்கே அளவுகோலில் மூன்றாம் கோடு தாண்டியாயிற்று,
உன்னிடம் வர இரண்டு நாள்.
பிறகு அந்த ஒரே வினைச்சொல்லைச் சொன்னாள்:

கிளம்பு.

அவளுக்கு உண்மையிலேயே தொண்டை கட்டியிருந்தது.
நான் ஒலிவாங்கியைத் திறந்தேன்.