ரிவர்

திருச்செங்கோட்டில், ரிக் வண்டிகள் நிற்கும் பட்டறைக்குப் பின்னால்
கம்ப்ரசர் உதிரிகள் குவிந்த அறை.
ஞாயிறு ராத்திரி. ஐந்து பேர்.
ராய்ப்பூரில் மழைக்கு வண்டி நின்ற இரண்டு மாசத்தில்
நான் கற்றுவந்த ஒரே வடநாட்டு வித்தை
இந்தப் போக்கர்.

கையில் ஆட்டின் ஏழு, ஆட்டின் ஒன்பது.
மேசையில் ஆட்டின் ராணி, ஆட்டின் மூணு,
கிளாவர் ராஜா, இப்போது விழுந்த ஸ்பேடு ரெண்டு.
இன்னும் ஒரே சீட்டு.
நடுவில் மூவாயிரம் கிடக்க
சென்னியப்பன் ஆயிரத்தை நகர்த்தினான்,
முட்டைத் தட்டை இறக்குகிறவன் போல
சத்தமே இல்லாமல்.

நான் பார்த்தவை ஆறு.
பாராதவை நாற்பத்தாறு.
ஒன்பது ஆட்டின் அதில் இருக்கிறது,
மிச்சம் முப்பத்தேழும் மண்.
நாலாயிரத்தைக் காட்டி ஆயிரம் கேட்கிறான்.
முப்பத்தேழை ஒன்பதால் வகுத்தால்
நாலும் கொஞ்சம் சில்லறையும்.
அந்தச் சில்லறைதான்
மனுசனை விடிய விடிய உட்காரவைப்பது.

ஆளையும் படிக்கணும்.
ராஜா விழுந்தபோது
டீ கிளாஸைக் கீழே வைத்தான் சென்னியப்பன்.
கையில் இன்னொரு ராஜா இருக்கிறது.
விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை:
ஒண்ணரை அடி வரப்புக்காகப் பங்காளி மேல்
பதினோரு வருசமாய்க் கோர்ட்டுக்குப் போகிறான்.
எனக்கு ஆட்டின் விழுந்து நான் ஏற்றினாலும்
இன்னொரு ஆயிரம் தருவான், நம்பாமல்.
அந்த ஆயிரம் சில்லறையை அடைத்துவிடும்.

நடுவில் கிடப்பதில் எண்ணூறு நான் போட்டது.
அதை எண்ணக் கூடாது.
மேசைக்குப் போனது மேசையுடையது.
இந்த ஒரு வரியைக் கற்க
ஒரு மாசச் சம்பளம் கொடுத்திருக்கிறேன்.

இத்தனையும் தெரிந்தவன்தான்
சித்திரை வெயிலில் மூலனூர்க் காட்டில் நின்றேன்.
மச்சினன் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற இடம்.
முன்னூறு அடி, புழுதி.
அறுநூறு, புழுதி.
எண்ணூற்றைம்பதில் ஈரம் மாதிரி ஒன்று,
திரும்பவும் புழுதி.
'இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னொரு அம்பது' என்றான் மச்சினன்.
அவன் சொல்லாவிட்டால் நான் சொல்லியிருப்பேன்.
இன்னொரு அம்பது.
இன்னுமொன்று.
ஊரான் காட்டில்
'போதுங்க, நிறுத்திக்கலாம்' என்று நூறு தடவை சொன்ன வாய்
அன்றைக்கு ராடுகளை மட்டும் எண்ணியது.

ஆயிரத்து நூற்று நாற்பதில் பீய்ச்சியது.
முதலில் சேறு, அப்புறம் வெள்ளை. ரெண்டு இஞ்சுத் தண்ணி.
பக்கத்துக் காட்டுக்காரர்களெல்லாம் வந்து கைகொடுத்தார்கள்.
ராசிக்காரன் என்றார்கள், நெஞ்சழுத்தம் என்றார்கள்.
தலையெல்லாம் பாறைமாவு படிந்து நின்ற பாவாத்தாள்தான் கேட்டாள்:
'எத்தனை அடியில நிறுத்தறதுன்னு
மொதல்லயே பேசிட்டீங்களாங்?'
கம்ப்ரசர் இரைச்சலில்
காது கேட்காதவனாய் இருந்துகொண்டேன்.

ஆயிரத்தை வைத்தேன்.

கடைசிச் சீட்டுக்கு இந்த ஆட்டத்தில் ரிவர் என்று பேர்.
ஆறு!
எவன் வைத்தானோ, எங்கள் பக்கம் வந்திருக்க மாட்டான்.
விழுந்தது கிளாவர் நாலு.
சென்னியப்பன் ராஜாவைத் திருப்பிப் போட்டான்.
'ஏழு, ஒம்போதை வெச்சுக்கிட்டு ஆயிரமா?'
குப்பண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை,
டீ மூக்கில் ஏறி இருமினான்.
மறுபடி அதே கை வந்தால்
மறுபடி வைப்பேன்.
அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பான்.

முதல் பஸ் பிடித்து வீடு சேர்ந்தபோது
பாவாத்தாள் முருங்கைக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தாள்.
எவ்வளவு போச்சு என்றாள். சொன்னேன்.
'ஆனா சரியாத்தான் ஆடினேன்.'
மண்வெட்டியை ஊன்றி நின்று
காலடியில் ஓடுகிற தண்ணியைப் பார்த்தாள்.
'அப்ப இதுங்?'