திரும்பி வந்த நாற்பத்தொன்று

உலான்பாத்தரில் ஜனவரி. மைனஸ் முப்பத்து நான்கு.
பேனாவில் மை உறைந்துபோக
வாடகை ஒப்பந்தத்தில்
பென்சிலால் கையெழுத்திட்டோம்.
"அழிக்க வசதிதான்" என்றார் வீட்டுக்காரர்.
சரங்குவா மட்டும் சிரித்தாள்.

நாங்கள் செய்தது சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி.
கெர் கூடாரத்தில் அடுப்புக்கு எதிரே தொங்கும்.
நிறமும் மணமும் இல்லாத கரிவாயு
உறங்குகிறவர் மூச்சுக்குள் குடியேறுமுன்
கத்தி எழுப்ப வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

மேசைமேல் கத்தியது.
கூடாரத்தில், விடியும்முன் அடுப்பு அவிந்த குளிரில்,
பேட்டரி செத்தது.
புதிய பேட்டரிகளைச் சட்டைக்குள் வைத்துத்
தூங்கிப் பார்த்தாள் சரங்குவா.
அவள் உடம்புச் சூட்டில் எல்லாமே வேலை செய்தன.
விற்பனைக்கு அவளை எத்தனை பேருக்குத் தருவது?

மார்ச்சில் துவ்ஷின் வங்கி வேலைக்குப் போய்விட்டான்.
தன் சால்டரிங் இரும்பை விட்டுவிட்டுப் போனான்.
அதையே மன்னிப்பாக
எடுத்துக்கொண்டேன்.

பிறகு முதலீட்டாளர்கள்.
ஒருவருக்குச் சந்தை சிறியது.
ஒருவருக்கு நாங்கள் சிறியவர்கள்.
"இதில் செயற்கை நுண்ணறிவு எங்கே?" என்றார் ஒருவர்.
"இயற்கை மூக்கே இந்த வாயுவை அறியாது,
அதனால்தான் பெட்டி" என்றாள் இவள்.
அதோடு காபி வரவில்லை.

முப்பத்தாறு ஸ்லைடுகள் வைத்திருந்தோம்.
கடைசி ஸ்லைடில் ஒரு கோடு
ஏறிக்கொண்டே போகும்,
ஆளில்லாத லிப்ட் மாதிரி.

பதினெட்டாவதாக வந்தவர் சியோலிலிருந்து.
குடும்பப் பெயர் நோ.
எழுத்துப் பிழை இல்லை. நோதான்.
நான் உள்ளுக்குள் அப்போதே கோட்டை மாட்டிக்கொண்டேன்.

"படம் வேண்டாம்" என்றார் நோ.
"எத்தனை விற்றது, எத்தனை திரும்பி வந்தது?"
மேசைக்கடியில் சரங்குவாவின் காலை மிதித்தேன்.
மூன்று என்று சொல்ல
என் நாக்கு தயாராக இருந்தது.

"இருநூறு போயிற்று. நாற்பத்தொன்று திரும்பிற்று."
சொல்லிவிட்டுப் பையிலிருந்து
ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தாள்.
நான் அதைப் பார்த்ததே இல்லை.

பால் பொங்கினால் கத்துகிறது.
சிவப்பு விளக்கைப் பார்த்துக் குழந்தை அழுகிறது.
தன்னைத்தான் குத்திக்காட்டுகிறது என்கிறார் மாமியார்.
எங்கள் நாய் ஊளையிட, அடுத்த வீட்டு நாய் ஊளையிட,
விடியும்வரை மலை முழுக்க நாய்.
இப்படியே பக்கம் பக்கமாக.

இருபத்தொன்பதாம் எண்ணில்
காரணம் எழுதும் இடம் காலி.

"இது?"

"சும்மா சும்மா கத்துகிறது என்று கொடுத்துவிட்டுப் போனவர்.
ஒன்பது நாள் கழித்து வந்தார்.
என் பெட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.
கொடுத்தேன்.
ஏன் என்று கேட்க முடியவில்லை."

நோ அந்தக் காலி இடத்தில்
விரலை வைத்தவர் எடுக்கவில்லை.
தன் சிறுவயதில் தங்கள் வீட்டிலும்
தரைக்கடியில் கரி எரியும் என்றார்.
அதற்குமேல் சொல்லவில்லை.
நாங்களும்.

வெகு நேரம் கழித்து:
"பால் பொங்கினால் இப்போதும் கத்துகிறதா?"

"கத்துகிறது. முன்னைவிடக் குறைவு."

கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு தந்தார்.
மாதாமாதம் அந்த நோட்டின் நகல் வேண்டும் என்றார்,
லாபக் கணக்குக்கு முன்னால்.

பணம் வர ஏழு வாரம் ஆயிற்று.
அந்த ஏழு வாரமும் வாடகைக்கு
என் மோட்டார் சைக்கிள் போயிற்று,
பிறகு அவள் குளிர்கோட்டு.
வசந்தம் வந்துவிட்டது, பரவாயில்லை என்றாள்.
வந்திருக்கவில்லை.

இப்போது எங்களிடம் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள்.
நோட்டு நான்காவது.
எனக்கு மட்டும் சில இரவுகளில்
நாக்கடியில் அந்த மூன்று உறுத்தும்,
மீன் முள் போல.
விழுங்கவும் மாட்டேன் என்கிறது,
துப்பவும்.